சட்டியில் தேறியது என்ன?

சில திங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் ஆங்கில நாளேடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். அதில் வெளியாகியிருந்த வணிகச் செய்தி ஒன்றில், ஒரு நிறுவனத்தின் விரிவாக்கத் திட்டம் 'பான் அவுட்' ஆகவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. மாணவர் அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். 'பான்' என்றால் சட்டி. 'அவுட்' என்றால் வெளியே. இரண்டையும் கூட்டிப் பார்த்தும் பொருள் விளங்கவில்லை. "திட்டத்திற்கும் சட்டிக்கும் என்ன உறவு?" என்பது அவர் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஒரு வரியில் விடை கூறி அவரை அனுப்பியிருக்கலாம். 'பான் அவுட்' என்றால் கைகூடுதல், பலன் தருதல், எண்ணியபடி முடிதல் என்று பொருள். நண்பர்களுக்குள் பேசும்போதும், செய்தித்தாள்களின் இலகுவான நடையிலும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதனை வழங்குவர். நீதிமன்றத் தீர்ப்பிலோ பத்திரத்திலோ இது இடம்பெறாது. 'எல்லாம் எப்படிப் பான் அவுட் ஆகிறது என்று பார்ப்போம்' என்றால், காரியம் எவ்வாறு முடிகிறதென்று பொறுத்திருந்து காண்போம் என்பது கருத்து. 'அது பான் அவுட் ஆகவில்லை' என்றால், முயன்றோம், ஒப்பேறவில்லை என்பது கருத்து.

ஆனால் சட்டி ஏன் வந்தது? இதற்கு விடை தேடப் புகுந்தால், அது அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓர் ஆற்றுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும், முடிவில் நம் நீலகிரிச் சரிவுக்கும் வழி நீள்கிறது. அவ்வழியில் வாசக நேயர்களையும் உடன் அழைத்துச் செல்ல விழைகிறோம்.

இரு சிறு சொற்கள் கூடினால்

ஆங்கிலம் கற்போரை மிகவும் அலைக்கழிப்பவை பெரிய சொற்கள் அல்ல. எளிய வினையொன்றும் அதனையடுத்து வரும் சிறு இடைச்சொல் ஒன்றும் சேர்ந்து, இரண்டிற்குமே இல்லாத மூன்றாவது பொருளொன்றைத் தருகின்றனவே, அவைதாம். 1755-இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இத்தகைய வினைகள் பிறநாட்டாருக்குப் பெருந்தொல்லை தருபவை என்று குறிப்பிட்டுள்ளார். இவற்றிற்குத் 'தொடர்வினை' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1925-இல் தம் நூலின் வாயிலாகப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித். அப்பெயரைத் தமக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்பதையும் அவரே கூறியிருக்கிறார்.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்று நாம் சொல்கிறோம். இதில் பார்ப்பதும் இல்லை, கொள்வதும் இல்லை, பாதுகாப்பதே உண்டு. தமிழ் தெரியாத ஒருவர் இதனை அகராதியைக் கொண்டு அறிய முயன்றால், நம் மாணவருக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு அவருக்கும் நேரும். சொற்கள் கூடி வாழும்போது புதுப்பொருள் பெறுகின்றன. அந்தக் கூட்டுறவு எப்போது, யாருடைய நாவில், எந்தத் தொழிலில் ஏற்பட்டது என்று அறிவதே சொல்வரலாறு.

எந்தச் சட்டி?

'பான்' என்னும் ஆங்கிலச் சொல் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே அது 'பன்னெ' என்ற உருவில் இருந்தது. அகன்று, ஆழம் குறைந்து, வாய் விரிந்த பாத்திரம் என்பதே அன்றும் இன்றும் அதன் பொருள்.

ஒலியொப்புமை கண்டு ஏமாறுவது சொல்லாராய்ச்சியில் எளிதாக நேரும் பிழை. வெற்றிலையைக் குறிக்கும் வடநாட்டுப் 'பான்' வேறு. ஈழத்தார் ரொட்டிக்கு வழங்கும் 'பாண்' போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. திரைப்படப் பிடிப்பில் படக்கருவியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புவதற்குக் கூறும் 'பான்' என்பதும் சட்டியன்று. அது 'பனோரமா' என்னும் சொல்லின் தலை மட்டும் எஞ்சியது.

இன்னும் ஒன்று. ஒரு கணம் ஒளிவிட்டு மறைந்துபோகும் வெற்றியைச் 'சட்டியில் மின்னல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறிப்பர். சட்டியில் பொன்துகள் மின்னி ஏமாற்றுவதிலிருந்து இது வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பழைய துப்பாக்கிகளில் தீப்பொறி விழுவதற்காக மருந்து வைக்கும் சிறு குழிக்கும் 'பான்' என்றே பெயர். குழியிலுள்ள மருந்து மட்டும் பற்றி, குழலிலுள்ள குண்டு வெடிக்காமற் போனால் அதுதான் 'சட்டியில் மின்னல்'. பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தொடர் வழக்கிலிருந்தது. கலிஃபோர்னியாவில் பொன் கிடைத்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான்.

இவற்றையெல்லாம் ஒதுக்கிய பின் நம் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு சட்டி. அது பொன் அரிக்கும் சட்டி.

அரித்தலின் நுட்பம்

பொன் அரித்தல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. ஆலைகள் அரிசியைக் கல்நீக்கித் தருவதற்கு முன்பு, ஒவ்வொரு வீட்டிலும் அரிசி அரித்தே உலையிலிடப்பட்டது. அதற்கென்றே உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி ஒன்று இருந்தது. அரிக்கன் சட்டி என்பது அதன் பெயர். அரிசியையும் நீரையும் அதிலிட்டு, சுழற்றிச் சுழற்றி ஆட்டினால், எடை மிகுந்த கல் அடியில் தங்கும். எடை குறைந்த அரிசி நீரோடு மேலெழுந்து மற்றொரு பாத்திரத்தில் போய் விழும்.

பொன் அரிப்போர் செய்ததும் இதுவே. ஆற்று மணலையும் சரளையையும் சட்டியில் அள்ளி, நீரில் அமிழ்த்தி, வட்டமாக ஆட்டுவர். பெரிய கற்களைக் கையால் எடுத்தெறிவர். பிறகு சட்டியைச் சற்றே சாய்த்து, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது மணலை நீரோடு வெளியே வழியவிடுவர். தண்ணீரைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு எடையுள்ளது பொன்; மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே மணல் ஓட, பொன் தங்கும். இறுதியில் அடியில் ஒரு பிடி கருமணல் மிஞ்சும். அதனிடையே மஞ்சள் துகள்கள் தென்பட்டால் அந்த இடம் உழைப்புக்குப் பலன் தந்தது. தென்படாவிட்டால் அடுத்த இடம்.

செயல் ஒன்றே, நோக்கம் மட்டும் நேர்மாறானது. நம் வீட்டுச் சட்டியில் அடியில் தங்குவது வேண்டாத கல். அவர்கள் சட்டியில் அடியில் தங்குவதே வேண்டிய பொன். வெளியே போவது உணவா, குப்பையா என்பதைச் சட்டி தீர்மானிப்பதில்லை. அதனைப் பிடித்திருக்கும் கையே தீர்மானிக்கிறது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இங்கே வருவோம்.

மணலைச் சட்டியில் அலசுதல் என்ற பொருளில் 'பான்' என்பது அமெரிக்க ஆங்கிலத்தில் 1830-களின் இறுதியிலேயே வினையாகிவிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் மலைப்பகுதியில் 1829-ஐ ஒட்டிப் பொன் கண்டெடுக்கப்பட்டு, அங்கே பெருங்கூட்டம் திரண்ட காலத்தையடுத்து நிகழ்ந்தது அது. அந்த மண் செரோக்கி என்னும் பழங்குடியினருக்கு உரியது. 1830-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடியினரை அப்புறப்படுத்தும் சட்டத்தை இயற்றியது; 1838-39-இல் செரோக்கியர் படையினரால் விரட்டப்பட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 'கண்ணீர்ப் பாதை' என்று அவ்வழியை வரலாறு குறிக்கிறது. சட்டி வினையான கதையின் முதல் ஏடே இவ்வாறு நனைந்திருக்கிறது.

1848-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள்

கலிஃபோர்னியாவில் அமெரிக்க ஆறு எனப் பெயர் பெற்ற ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்னுமிடத்தில், ஜான் சட்டர் என்ற நிலக்கிழாருக்காக மரம் அறுக்கும் ஆலையொன்று கட்டப்பட்டு வந்தது. பொறுப்பேற்றிருந்தவர் ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர். 1848 ஜனவரி 24-ஆம் நாள் காலை, ஆலைச் சக்கரத்திலிருந்து நீர் வெளியேறும் கால்வாயைப் பார்வையிடச் சென்ற அவர், அடியில் மஞ்சளாக மின்னிய துணுக்குகளைக் கண்டார். கல்லில் வைத்துத் தட்டினார், நொறுங்கவில்லை, தகடாயிற்று. பணியாளர்களுக்குச் சமைத்துப்போட்டு வந்த ஜென்னி விம்மர் என்ற பெண்மணி, அதில் ஒன்றைச் சவர்க்காரம் காய்ச்சும் காரநீரில் நாள் முழுதும் கொதிக்கவிட்டார். அது நிறம் மாறவில்லை. அறிவியற்கூடம் ஏதுமின்றி, ஒரு சமையற்காரியின் அடுப்பிலேயே கலிஃபோர்னியப் பொன்னுக்கு உரைகல் அமைந்தது.

அப்போது அந்நாடு சட்டப்படி மெக்சிகோவுக்கு உரியது. போரில் தோற்ற மெக்சிகோ, ஒன்பது நாள் கழித்து பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையில் கலிஃபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. தான் எதைக் கொடுக்கிறோம் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது. எதைப் பெறுகிறோம் என்பது பெற்றவருக்கும் தெரியாது.

செய்தியைப் பரப்பியவர் சாம் பிரானன் என்ற வணிகர். ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் அவருக்குக் கடையொன்று இருந்தது. மண்வெட்டி, கடப்பாரை, சட்டி முதலியவற்றைக் கடையில் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே, 1848 மே மாதத்தில் அவர் சான்பிரான்சிஸ்கோ வீதியில் பொன் நிறைந்த புட்டியை உயர்த்திப் பிடித்தபடி கூவிச் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் குடியரசுத் தலைவர் போல்க் நாடாளுமன்றத்தில் செய்தியை உறுதிப்படுத்தினார். 1849-இல் உலகமே புறப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த சான்பிரான்சிஸ்கோ, 1850-இல் சுமார் 25,000 பேர் நெருங்கி வாழும் பட்டணமாயிற்று. 1850-களின் நடுப்பகுதிக்குள் கலிஃபோர்னியாவுக்குச் சென்றோர் தொகை மூன்று இலட்சம் அளவுக்கு எட்டியது.

அந்த ஆற்றங்கரைகளிலேதான் 'பான் அவுட்' என்னும் தொடர் பிறந்தது. 1849-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் பொருள் நேரானது: சட்டியில் அலசிப் பொன் எடுத்தல், மணல் பொன்னைத் தருதல். 'இந்த இடம் பான் அவுட் ஆகுமா?' என்று ஒருவன் கேட்டால், இந்த மணலில் எவ்வளவு தேறும் என்பதுதான் கேள்வி. 1860-களின் பிற்பகுதியில், பொன்னை விட்டுப் பிரிந்து, எந்தக் காரியம் பலித்தாலும் அச்சொல்லையே வழங்கலாயினர். திருமணமும் வாணிபமும் தேர்தலும் சட்டியில் ஏறின. சட்டி மறைந்தது, சொல் நின்றது.

யாருக்குத் தேறியது?

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கைகூடுதல் என்ற பொருளை இச்சொல்லுக்கு அளித்த அந்த ஆற்றங்கரையில், உண்மையில் யாருக்குக் கைகூடியது?

சட்டி பிடித்தவர்களை முதலில் பார்ப்போம். வரலாற்றறிஞர் ரோட்மன் பால் கணித்துள்ளபடி, 1848-இல் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 20 டாலர் அளவுக்குப் பொன் எடுத்தார். 1850-இல் அது 10 டாலராயிற்று, 1852-இல் 6, 1856-க்குப் பின் 3. சுரங்கப் பகுதியில் பண்டங்கள் விற்ற விலைக்கு அந்த மூன்று டாலர் நெடுநாள் தாங்காது. மேற்பரப்புப் பொன் தீர்ந்ததும், சட்டியும் தனிமனித உழைப்பும் பயனற்றுப்போயின. பெருமுதல் கொண்ட கம்பெனிகள் பீச்சுநீரால் மலைகளையே கரைக்கத் தொடங்கின. அந்தச் சேறு ஆறுகளை மேடாக்கி, உழவர்களின் நிலங்களை மூழ்கடித்தது. 1884-இல் நீதிபதி லாரன்சோ சாயர் வழங்கிய தீர்ப்புதான் அதனைத் தடுத்து நிறுத்தியது.

முதலில் கண்டவருக்கேனும் தேறியதா? ஜேம்ஸ் மார்ஷல் வறுமையில் உழன்று 1885-இல் இறந்தார். மாநில அரசு அவருக்கு அளித்துவந்த உதவித்தொகை அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிற்று. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1890-இல், பொன் கண்ட இடத்தைச் சுட்டிக்காட்டும் கையோடு அவருக்குச் சிலை எழுப்பினர். நிலத்துக்குரிய சட்டர், வந்தேறிய கூட்டத்தால் நிலத்தை இழந்து, இழப்பீடு கேட்டு நாடாளுமன்றத்தின் வாயிலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1880-இல் வாஷிங்டன் நகர விடுதியொன்றில் உயிர்நீத்தார். சட்டி விற்றுப் பெருஞ்செல்வரான பிரானனும் 1889-இல் ஏழையாகவே இறந்தார். அவருக்கு அடுத்து வந்த வணிகர்களுக்கே செல்வம் நிலைத்தது. 1853-இல் சான்பிரான்சிஸ்கோவில் துணிக்கடை வைத்த லீவை ஸ்ட்ராஸின் பெயர் இன்றும் உலகெங்கும் காற்சட்டைகளில் ஒட்டியிருக்கிறது.

அயலார் நிலை இதனினும் இழிந்தது. மெக்சிகோவின் சொனோரா பகுதியிலிருந்து வந்தவர்கள் 'பட்டேயா' என்னும் மரச்சட்டியில் பொன் அரிப்பதில் கைதேர்ந்தவர்கள். அமெரிக்கர் பலர் அவர்களைப் பார்த்தே தொழில் கற்றனர். ஆனால் 1850-இல் கலிஃபோர்னியச் சட்டமன்றம், அயல்நாட்டுப் பொன் அரிப்போர் மீது திங்கள் ஒன்றுக்கு 20 டாலர் வரி விதித்தது. கற்றுக்கொடுத்தவர் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவ்வரி அடுத்த ஆண்டு நீக்கப்பட்டு, 1852-இல் குறைந்த தொகையில் மீண்டும் வந்தது. இம்முறை அதன் சுமை பெரிதும் விழுந்தது சீனர்மீது. அவ்வாண்டில் மட்டும் 20,000 சீனர் அங்கே வந்திறங்கியிருந்தனர்.

எல்லாரினும் கடைசியாக நினைக்கப்படுவோர் அந்த மண்ணுக்கு முதலில் உரியவர்கள். கொலோமா என்பதே நிசெனான் என்ற பழங்குடியினர் இட்ட பெயர். பொன் கிடைத்ததும் சட்டரும் மார்ஷலும் அப்பகுதித் தலைவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எழுதி வாங்கினர். ஒப்புதலுக்காக அதனை இராணுவ ஆளுநர் மேசனிடம் அனுப்பியபோது, நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமை பழங்குடியினருக்கு இருப்பதை அமெரிக்க அரசு ஏற்பதில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அதே மேசன் 1848 ஆகஸ்டில் தம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், பொன்வயல்களில் உழைப்போர் நாலாயிரத்துக்கு மேல் என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடியினரே என்றும் எழுதினார். அவர்கள் தாங்கள் பின்னிய கூடைகளிலேயே மணலை அலசினர். ஆக, முதலாண்டில் பொன் அரித்த கைகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை.

பிறகு நேர்ந்ததைக் கூற நா தயங்குகிறது. 1850 ஏப்ரலில் பழங்குடியினரின் 'பாதுகாப்பு' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. வேலையின்றித் திரிபவர் என்று குற்றஞ்சாட்டி அவர்களைப் பிடித்து ஏலத்தில் கூலிக்கு விடவும், அவர்தம் பிள்ளைகளைப் பிறர் வைத்துக்கொள்ளவும் அது வழிசெய்தது. மாநிலத்தின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னட், 1851 ஜனவரியில் சட்டமன்றத்துக்கு விடுத்த செய்தியில், அவ்வினம் அற்றுப்போகும் வரை அழிப்புப் போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என்றார். பொன் காணுமுன் ஏறத்தாழ 1,50,000 பேராக இருந்த கலிஃபோர்னியப் பழங்குடியினர், கால் நூற்றாண்டுக்குள் சுமார் 30,000 பேராகக் குறைந்தனர். நோயும் பசியும் துப்பாக்கியும் பங்கிட்டுக்கொண்ட உயிர்கள் அவை. 2019 ஜூன் மாதத்தில்தான் கலிஃபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் மாநிலத்தின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார்.

சட்டி நம் மலைக்கு வந்த கதை

கலிஃபோர்னியாவில் தொழில் பழகி வெறுங்கையோடு திரும்பிய எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் என்பவர், 1851 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகருக்கருகே, தாம் அங்கே கற்ற முறைப்படியே மணலை அரித்துப் பொன் கண்டார். அவ்வாண்டிலேயே விக்டோரியா மாநிலத்திலும் பொன் பொங்கியது. அம்மாநிலத்தின் சுரங்கத்துறைச் செயலாளராகப் பல்லாண்டுகள் இருந்தவர் ராபர்ட் பிரௌ ஸ்மித். 1879-இல் இந்திய அரசு அவரை அழைத்து, தென்கிழக்கு வயநாட்டின் பொன்வளத்தை ஆராயச் செய்தது. அப்பகுதி அதற்கு ஈராண்டு முன்னர்தான் நீலகிரியோடு இணைக்கப்பட்டிருந்தது. தேவாலாவும் பந்தலூரும் அடங்கிய அப்பகுதியின் ஓடைகளில் குறும்பரும் பணியரும் மரத்தட்டுகளால் பொன் அரித்து வந்தது பழைய வழக்கம். அவர்களுக்குக் கிடைத்தது கூலியளவே.

ஸ்மித்தின் அறிக்கை 1880-இல் வெளியானது. லண்டன் பங்குச்சந்தை கொதித்தெழுந்தது. பல இலட்சம் பவுன் முதலுடன் வயநாட்டுப் பொன் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. காப்பித் தோட்டங்களும் பொன்னிலமாக விலைபேசப்பட்டன. பாறைகளை அரைத்தபோது கிடைத்த பொன் அரைத்த செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் மறைந்தன. மழைக்காட்டில் துருப்பிடித்த பொறிகளும், மலைச்சரிவில் தோண்டிய குகைகளுமே எஞ்சின. அங்கே 'பான் அவுட்' ஆகவில்லை என்று லண்டன் முதலாளி இரண்டு சொற்களில் கணக்கை முடித்துக்கொண்டார். இழந்தது அவர் பணம். காட்டையும் ஓடையையும் இழந்தவர் கணக்கு அந்தச் சொற்களில் அடங்கவில்லை.

அதே அலையில் எழுந்த கோலார் மட்டும் நிலைத்தது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே காலூன்றியது. வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வெந்தணலொத்த சூட்டில், பாறைத்தூசியை மூச்சாக இழுத்தபடி அவர்கள் பொன் எடுத்தனர். பலருக்கு நுரையீரல் நோயே மிச்சமாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தேறிய பொன் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. கழிவு மண் மட்டும் மலைமலையாக அவர்தம் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது.

சொல்லும் நினைவும்

'பான் அவுட்' என்னும் தொடருக்குத் தமிழில் நேரான சொல் எது என்று மாணவர் இறுதியாகக் கேட்டார். 'தேறுதல்' என்று கூறினோம். சந்தையில் நிற்கும் வணிகர் 'எவ்வளவு தேறும்?' என்று கேட்பதில்லையா? பயிர் தேறியது என்கிறோம். நோயாளி தேறினார் என்கிறோம். வியப்பு என்னவென்றால், இச்சொல்லும் தண்ணீரைச் சார்ந்ததே. தேறுதல் என்பது தெளிதல். கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் உரைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்பது பெயர். கலங்கலிலிருந்து நல்லது பிரிந்து நிற்பதை ஆங்கிலேயர் பொன்சட்டியில் கண்டனர். நம்மவர் குடிநீர்க் குடத்தில் கண்டனர். இரு மொழிகளும் ஒரே அனுபவத்தை இருவேறு பாத்திரங்களில் ஏந்தி வைத்திருக்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறிக்காமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. தேற்றாங்கொட்டை உரைத்த குடத்தில் அழுக்கு அடியில் தங்கிவிடுகிறது. எதுவும் வெளியே கொட்டப்படுவதில்லை. பொன்சட்டியோ வெளியே தள்ளித் தள்ளியே தன் பொன்னைக் காண்கிறது. அச்சொல்லின் பின்பாதியான 'அவுட்' என்பதை அந்த வெளியேற்றத்தின் அடையாளமாகக் கொள்ளத் தோன்றுகிறது நமக்கு. வெளியே போனது மணல் மட்டுமா? செரோக்கியர் போயினர், நிசெனான் போயினர், மரச்சட்டி தந்த மெக்சிகர் போயினர், வரி கொடுத்தும் சீனர் இகழப்பட்டனர். அந்தச் சட்டியைப் பிடித்த கை அவர்களையெல்லாம் மணல் என்றே எண்ணியது. அரிசியையும் கல்லையும் பிரிக்கும் சட்டி ஒன்றே என்று முன்னர் சொன்னோம். எது அரிசி, எது கல் என்று முடிவுசெய்வது கை.

மேலும் ஒன்று. 'திட்டம் பான் அவுட் ஆகவில்லை' என்ற வாக்கியத்தில் செய்தவர் யார் என்பதே இல்லை. திட்டம் தானே விளைந்ததுபோலவும், தானே பொய்த்ததுபோலவும் அது பேசுகிறது. நல்வாய்ப்பின் மீது பழியைப் போட்டுவிட்டு மனிதர் நழுவிச் செல்ல அது இடந்தருகிறது. மாணவர் காட்டிய செய்தியிலும் அப்படித்தான். திட்டம் பலிக்கவில்லை என்று ஒரு வரி. அதனால் வேலையிழந்தவர் எண்ணிக்கை கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் இருந்தது.

சொற்களை வழங்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தொழிலின் வியர்வையிலிருந்து பிறந்த உயிருள்ள சொல் இது, வழங்கட்டும். ஆனால் ஒரு காரியம் தேறியது என்று கேட்கும்போது, யாருக்குத் தேறியது, எவரை வெளியே தள்ளித் தேறியது என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். மாணவரிடம் அதைத்தான் சொன்னோம். அவர் நாளேட்டை மடித்து வைக்கவில்லை. அந்தக் கடைசிப் பத்தியை மீண்டும் ஒருமுறை படித்தார்.